ஜெஞ்சாரோம்: முள்வேலிக்குள் தோன்றிய ஊர்

ஓர் ஊர் வரலாற்றுச் சிறப்புடையது என்று கூறப்பட்டால், கேட்போர் உள்ளத்தில் உடனே எழுவன கோட்டையும் கோபுரமும் அரண்மனையும் கல்வெட்டுமே. இவை இல்லாத ஊருக்கு வரலாறும் இல்லை என்னும் எண்ணம் கற்றோரிடத்தும் காணப்படுகிறது. மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் பள்ளிகளும் இதற்கு விலக்கல்ல. மலாக்காவுக்கும் பினாங்குக்கும் செல்லும் பேருந்துகள் பக்கத்து ஊரில் நிற்பதில்லை. சிலாங்கூர் மாநிலத்தில், கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில் உள்ள ஜெஞ்சாரோம் இவ்வாறு கடந்து செல்லப்படும் ஊர்களுள் ஒன்று. சீனப் புத்தாண்டுக் காலத்தில் விளக்கு அலங்காரம் காண வருவோரே இவ்வூரில் இறங்கி நடப்பவர். அவர்களும் விளக்குகளைக் கண்டு, வயிறார உண்டு, இரவோடு இரவாகத் திரும்பிவிடுவர்.

இவ்வூரில் கோட்டை இல்லை. ஆயினும் ஒரு காலத்தில் இதனைச் சுற்றி முள்வேலி இருந்தது. அவ்வேலி ஏன் எழுந்தது, அதனுள் யார் வைக்கப்பட்டனர், அதன் வெளியே யார் வாழ்ந்தனர் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தால், மலாயாவின் நூறாண்டு வரலாறு விரியக் காணலாம். அவ்வரலாற்றில் தமிழர்க்குரிய பங்கு பெரிது. ஆனால் ஊர்க் கதையாக இன்று சொல்லப்படுவதில் அப்பங்கு மிகச் சிறிது.

நிலமும் நீரும்

ஜெஞ்சாரோம் கோல லங்காட் மாவட்டத்தைச் சேர்ந்தது. மலாய் மொழியில் ‘கோல’ என்பது ஆற்றின் கழிமுகத்தைக் குறிக்கும். எனவே லங்காட் ஆறு கடலொடு கலக்கும் இடம் என்பதே மாவட்டப் பெயரின் பொருள். ஊருக்கு வடக்கே தெலுக் பங்லிமா காராங், தெற்கே பந்திங், மேற்கே ஆற்றுக்கு அப்பால் கேரித்தீவு, கிழக்கே சதுப்புக் காடு என எல்லைகளைக் குறித்துக்கொள்ளலாம்.

இச்சதுப்பு நிலத்தின் இயல்பை அறியாமல் இவ்வட்டாரத்தின் வரலாற்றை அறிய இயலாது. மட்கியும் மட்காமலும் கிடக்கும் இலையும் வேரும் மரமும் பன்னெடுங்காலமாக நீருக்குள் படிந்து உருவானது இம்மண். ஓடைநீர் கடுந்தேநீர் போன்ற நிறமுடையது. புளிப்புத் தன்மையும் உடையது. நீரை வடித்துவிட்டால் நிலம் சுருங்கித் தாழும். காய்ந்துவிட்டால் அடியில் தீப்பற்றிக் கொண்டு மேலே புகை மட்டுமே தெரிய நாட்கணக்கில் எரியும். கடலோரப் பகுதியிலோ அலையாத்திக் காடும் களிமண்ணும் உள்ளன. கடல்நீர் ஏறும் நேரத்தில் மூழ்கக்கூடிய அந்நிலத்தைக் கரை கட்டியும் கால்வாய் வெட்டியுமே மக்கள் பயிர்நிலம் ஆக்கினர். கேரித்தீவின் செம்பனைத் தோட்டங்கள் இன்றும் அக்கரைகளின் காவலில்தான் நிற்கின்றன.

இத்தகைய சேற்று நிலத்தில் தொன்மை எங்கே இருக்கும் என்று ஐயுறுவோர்க்கு 1964 ஆம் ஆண்டு ஒரு விடை கிடைத்தது. பந்திங்கை அடுத்த சுங்கை லாங் என்னும் சிற்றூரில், ஒரு மண்மேட்டின் அடியில், படகுப் பலகை ஒன்றன் மீது வைக்கப்பட்ட இரு வெண்கல முரசுகள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அவை வடவியட்நாமில் தோன்றிய தோங்சோன் பண்பாட்டைச் சார்ந்தவை. அப்பண்பாடு ஏறத்தாழ 2,000 ஆண்டுகட்கும் முற்பட்டது. கடல் கடந்த வணிகமும், இறந்தோரைப் படகுடன் தொடர்புறுத்திப் போற்றும் வழக்கமும் இக்கழிமுகத்தில் அன்றே இருந்தன என்பதற்கு அம்முரசுகள் சான்று. தமிழ்நாட்டில் ஆதிச்சநல்லூர் தாழிகளை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர், மலேசிய மாணவர்க்குச் சுங்கை லாங் முரசுகளையும் சேர்த்துக் கற்பித்தல் பொருத்தமாகும்.

கேரித்தீவில் வாழும் மா மெரி மக்கள் இவ்வட்டாரத்தின் முதுகுடியினர். பழைய ஆங்கில நூல்கள் இவர்களைப் பெசிசி என்று குறிக்கின்றன. இவர்கள் மொழி மலாய் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. கெமர், மோன் முதலிய மொழிகளோடு உறவுடையது. அலையாத்திக் காட்டு நீரே மரத்தில் இவர்கள் செதுக்கும் முகமூடிகளும் உருவங்களும் உலகப் புகழ் பெற்றவை. ‘ஹாரி மோயாங்’ என்னும் முன்னோர் நாளில், சுங்கை பும்புன் சிற்றூரில், முகமூடி அணிந்த ஆடவரும் ஓலை ஆடை புனைந்த மகளிரும் ஒரு மேட்டைச் சுற்றிவந்து ஆடுவர். தென்புலத்தாரைப் போற்றுதல் தமிழர்க்கும் தலையாய கடமையாதலின், இவ்விழாவின் உட்பொருள் தமிழர்க்கு எளிதில் விளங்கும்.

ஆற்றங்கரை அரசு

சாலை வருமுன் ஆறே வழியாக இருந்தது. ஆற்றின் வாயைக் காப்பவரே நாட்டை ஆள்பவர். 1857 முதல் 1898 வரை சிலாங்கூரை ஆண்ட சுல்தான் அப்துல் சமாட், லங்காட் ஆற்றங்கரையைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். ஜுக்ரா குன்றும் அதன் அடிவாரமும் அரசிருக்கையாயின.

இக்கழிமுகத்தில் நிகழ்ந்த கடற்கொள்ளையைக் காரணமாகக் காட்டியே 1874 ஆம் ஆண்டு ஆங்கிலேயர் போர்க்கப்பல்களுடன் வந்து சுல்தானைக் கண்டனர். அவ்வாண்டே பிராங் சுவெட்டன்ஹாம் லங்காட்டில் தங்கிச் சுல்தானுக்கு ஆலோசனை கூறுமாறு அனுப்பப்பட்டார். 1875 இல் டேவிட்சன் முதல் ரெசிடெண்டாக அமர்ந்தார். சிலாங்கூரில் ஆங்கிலேயர் ஆதிக்கம் கால்கொண்ட இடம் இதுவே எனலாம். 1879 இல் இசபெல்லா பெர்டு என்னும் ஆங்கிலப் பெண்மணி இப்பகுதிக்கு வந்து சுல்தானைக் கண்டு, தம் பயண நூலில் எழுதிவைத்தார். அந்நூல் 1883 இல் வெளிவந்தது.

அரசின் ஆட்சித் தலைநகர் 1880 இல் கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியது. பின்னர் வந்த சுல்தான் அலாவுடின் சுலைமான் ஷா காலத்தில், 1905 இல், ஜுக்ராவில் பண்டார் அரண்மனை எழுந்தது. அவ்வரண்மனையையும் குன்றின்மேல் உள்ள அரச கல்லறைகளையும் இன்றும் காணலாம். ஆனால் அதற்குள்ளாகவே நாட்டின் செல்வம் ஆற்றிலிருந்து தோட்டத்துக்கு இடம் மாறிவிட்டது.

காப்பியும் ரப்பரும்

ரப்பருக்கு முன்னர் இவ்வட்டாரத்துக்கு வந்த பணப்பயிர் காப்பி. இலங்கையில் காப்பித் தோட்டங்கள் நோயால் அழிந்தபின் அங்கிருந்து துரைமார் பலர் மலாயாவை நாடினர். கிள்ளான், கோல லங்காட் வட்டாரங்களில் லைபீரியக் காப்பி 1880களிலும் 1890களிலும் பெருவாரியாகப் பயிரிடப்பட்டது. பிரேசில் நாட்டுக் காப்பி உலகச் சந்தையில் மலிந்ததால் 1890களின் இறுதியில் விலை சரிந்தது. காப்பிச் செடிகளுக்கு இடையே நடப்பட்ட ரப்பர்க் கன்றுகள் துரைமாரைக் காத்தன. கேரித்தீவுக்குப் பெயர் தந்த எட்வர்ட் வாலன்டைன் கேரி அத்தலைமுறைத் தோட்டக்காரர்களுள் ஒருவர்.

ரப்பர் மரம் பெருகப் பெருக ஆள் தேவையும் பெருகிற்று. கங்காணிகள் தத்தம் ஊர்களுக்குச் சென்று உற்றாரையும் அயலாரையும் திரட்டி வந்தனர். 1907 இல் ஏற்பட்ட குடியேற்ற நிதி கப்பற் செலவை ஏற்றது. ஒப்பந்தக் கூலிமுறை 1910 இல் நின்றது. இந்திய அரசின் தடையால் உதவி பெற்ற குடியேற்றம் 1938 இல் முடிவுற்றது. இவ்விடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் லயங்களும், ஆயாக் கொட்டகைகளும், மாரியம்மன் கோயில்களும் தோட்டந்தோறும் தோன்றின.

பள்ளிகளும் இக்காலத்தில்தான் பெருகின. கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி ஒன்று இருத்தல் வேண்டும் என்றது. சட்டத்துக்காக நடத்தப்பட்டவை பல. கங்காணியோ கிராணியோ ஓய்வு நேரத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுத்த கொட்டகைகளும் பள்ளி என்றே பதிவாயின. ஆயினும் அக்கொட்டகைகளில்தான் இந்நாட்டுத் தமிழ்க் கல்வி வேரூன்றியது.

தோட்ட மக்கள் அமைதியாக அடங்கியிருந்தனர் என்று கூறுவாருளர். அது முற்றிலும் உண்மையன்று. 1941 ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூரின் பல தோட்டங்களுக்குப் பரவிய வேலைநிறுத்தம் இதற்குச் சான்று. ‘தமிழ் நேசன்’ இதழின் ஆசிரியர் குழுவில் பணியாற்றிய ஆர். எச். நாதன் அவ்வியக்கத்தின் முன்னணியில் நின்றார். சீனத் தொழிலாளர்க்கு நிகரான கூலி வேண்டும் என்பது கோரிக்கைகளுள் முதன்மையானது. துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும், கள்ளுக்கடைகள் மூடப்படவேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்பனவும் அவற்றுள் அடங்கும். மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைதானார்; பின்னர் நாடு கடத்தப்பட்டார். மே 16 ஆம் நாள் சிலாங்கூரில் நெருக்கடி நிலை பிறந்தது. படை வந்தது; தொழிலாளர் ஐவர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். கூலியோடு மானத்தையும் கல்வியையும் ஒருங்கு கேட்ட போராட்டம் அது.

அவ்வாண்டு இறுதியில் ஜப்பானியர் படையெடுத்தனர். தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், மீளாதோர் பலர். போர் முடிந்தபின், 1945 செப்டம்பர் 9 ஆம் நாள், ஆங்கிலேயப் படை மீண்டும் கரையிறங்கிய இடங்களுள் ஒன்று இம்மாவட்டத்தின் மோரிப் கடற்கரையாகும்.

முள்வேலி

1948 ஜூனில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. பொதுவுடைமைக் கட்சியின் ஆயுதப் படையினர் காட்டுக்குள் மறைந்து போரிட்டனர். காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த சீனக் குடியானவர்களிடமிருந்தே அவர்களுக்கு அரிசியும் மருந்தும் செய்தியும் சென்றன. அஞ்சிக் கொடுத்தோரும் உண்டு. விரும்பிக் கொடுத்தோரும் உண்டு. 1950 இல் பொறுப்பேற்ற சர் ஹெரால்ட் பிரிக்ஸ், இத்தொடர்பை அறுக்க ஒரு திட்டம் வகுத்தார். சிதறி வாழ்ந்தோரை ஓரிடத்தில் குடியமர்த்தி, சுற்றிலும் முள்வேலியிட்டு, வாயிலில் காவல் வைப்பதே அத்திட்டம். ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் இவ்வாறு இடம் பெயர்க்கப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சீனர். 1952 இல் டெம்ப்ளர் காலத்தில் இக்குடியிருப்புகளுக்குப் ‘புதுக்கிராமம்’ என்று பெயரிடப்பட்டது. ஜெஞ்சாரோம் அப்புதுக்கிராமங்களுள் ஒன்று. ஹொக்கியென் மொழி பேசும் சீனரே இங்குப் பெரும்பான்மையினர்.

வேலிக்குள் வாழ்க்கை எவ்வாறு இருந்தது என்பதை விதிமுறைகளே காட்டும். இரவில் ஊரடங்கு, பகலில் வாயிலில் சோதனை, அளந்து கொடுக்கப்படும் அரிசி. கடையில் தகரப் பெட்டியில் அடைத்த உணவை விற்கும்போதே துளையிட்டுக் கொடுக்கவேண்டும். துளையிட்ட உணவைக் காட்டுக்குள் சேமித்து வைக்க இயலாதன்றோ? அதுவே அவ்விதியின் நோக்கம். கோல லங்காட் சதுப்புக் காடு போராளிகளின் மறைவிடமாக விளங்கியது. காஜாங் வட்டாரத்தைக் கலக்கிய லியூ கோன் கிம் 1952 ஜூலையில் அச்சதுப்புக்குள்தான் சபோக் படைப்பிரிவினரால் சுட்டு வீழ்த்தப்பட்டார்.

இங்குத் தமிழ் வாசகர் கருத்தில் கொள்ளத்தக்க ஒன்று உண்டு. முள்வேலி புதுக்கிராமத்துக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. நாடெங்கும் தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் இருந்த ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர், அவ்வத்தோட்டத்துக்குள்ளேயே ஓரிடத்தில் திரட்டப்பட்டு வேலிக்குள் வைக்கப்பட்டனர். விடியலில் பெரட்டு முடிந்து பால்வெட்டச் செல்லும் தமிழன், உணவுத் தடை நடைமுறையில் இருந்த பகுதிகளில், மதியத்துக்கு ஒரு பிடி சோற்றையும் எடுத்துச் செல்லக் கூடாது. பால் எடுத்து நிறுத்துக் கொடுத்துத் திரும்பும்வரை பட்டினிதான். ஆக, சீனரின் வேலியும் தமிழரின் வேலியும் ஒரே கொள்கையின் இரு கூறுகள். வேறுபாடு பின்னர் நேர்ந்தது. 1960 ஜூலை 31 இல் அவசரகாலம் முடிந்தது. புதுக்கிராமத்தின் வேலி அகன்றபின், உள்ளே இருந்தவர் வசம் வீடும் கடையும் தெருவும் எஞ்சின, அது ஊராயிற்று. தோட்டத்தின் வேலி அகன்றபின், லயமும் நிலமும் கம்பெனிக்கே உரியனவாக நின்றன. வேலை உள்ளவரைதான் குடியிருப்பு. ஜெஞ்சாரோமுக்கு ஊர் வரலாறு இருப்பதும், சுற்றியிருந்த தோட்டங்களுக்கு அஃது இல்லாமற்போனதும் இதனால்தான்.

விழாவும் உணவும்

வேலிக்குள் பிறந்த ஊர் இன்று விளக்கால் பெயர் பெற்றிருக்கிறது. தைவான் நாட்டில் 1967 இல் துறவி சிங் யுன் நிறுவிய போ குவாங் ஷான் பௌத்த அமைப்பின் தோங் சென் கோயில் ஜெஞ்சாரோமில் அமைந்துள்ளது. ஆண்டுதோறும் சீனப் புத்தாண்டின்போது அதன் வளாகம் முழுவதும் மலர்களாலும் தாள் விளக்குகளாலும் அணிசெய்யப்படும். எல்லா இனத்தவரும் குடும்பத்தோடு வந்து காண்பர்.

ஊர் மக்களின் வீட்டு விழாவோ இதனினும் நுட்பமானது. புத்தாண்டின் ஒன்பதாம் நாள் ஹொக்கியென் மக்களுக்குரிய பெருநாள். முன்னொரு காலத்தில் பகைவர்க்கு அஞ்சிய தம் முன்னோர் கரும்புக் காட்டில் ஒளிந்து உயிர் பிழைத்தனர் என்பது அவர்கள் வழங்கும் கதை. ஆகவே எட்டாம் நாள் நள்ளிரவில், வேரோடும் தோகையோடும் கூடிய முழுக்கரும்புகளை வாயிலில் நிறுத்தி, விண்ணுலக வேந்தனை வணங்குவர். தைத்திருநாளில் கரும்பு நட்டுப் பொங்கலிடும் தமிழர் குடும்பமும், சில வாரங்களுக்குள் கரும்பு நட்டு விண்ணை வணங்கும் சீனர் குடும்பமும் ஒரே வட்டாரத்தில் வாழ்வது எண்ணி மகிழத்தக்கது. கரும்பு ஒன்று, காரணம் வேறு. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு விளக்கினால் இருவர் பண்பாடும் விளங்கும்.

உணவும் இவ்வாறே குடியேற்ற வரலாற்றைப் பேசும். கிள்ளான் வட்டாரத்துக்கே உரிய பாக்குத் தே, பன்றி எலும்பையும் மருந்துச் சரக்குகளையும் சேர்த்துக் காய்ச்சப்படுவது. ஹொக்கியென் உழைப்பாளிகளின் உணவாக வளர்ந்தது. சாவகத்திலிருந்து குடியேறியோரின் வழியினர் இம்மாவட்டக் கம்பங்களில் மிகுதி. சோயா மொச்சையைப் புளிக்கவைத்துச் செய்யும் தெம்பேயும், ஒரே தட்டைச் சுற்றி நால்வர் ஐவர் அமர்ந்து உண்ணும் நாசி அம்பெங்கும் அவர்கள் கொணர்ந்தவை. தோட்டத் தமிழரின் கருவாட்டுக் குழம்பும் தோசையும் இவற்றோடு ஒருங்கு நிற்கின்றன. சீனர் காப்பிக் கடையில் மூவினத்தவரும் அருந்தும் கடுங்காப்பி, இம்மண்ணின் முதற் பணப்பயிரை இன்றும் நினைவூட்டுகிறது.

புகையும் காடும்

அண்மைக் காலத்தில் இவ்வூரின் பெயர் உலகச் செய்தித்தாள்களில் அடிபட்டது விழாவால் அன்று. அயல்நாட்டுப் பிளாஸ்டிக் கழிவுகளைச் சீன அரசு 2018 தொடக்கத்தில் தடை செய்தது. அக்கழிவுகள் மலேசியாவை நோக்கித் திரும்பின. துறைமுகத்துக்கு அண்மையில் இருந்த ஜெஞ்சாரோமைச் சுற்றி உரிமமற்ற ஆலைகள் தோன்றின. பயன்படாத கழிவை அவை இரவில் எரித்தன. மூச்சடைக்கும் புகை வீடுகளுக்குள் புகுந்தது. ஊர் மக்கள் சிலர் ஒன்றுகூடி, ஆலை இருக்கும் இடங்களைத் தேடிக் கண்டு, படம் எடுத்து, அரசுக்கு விடாது முறையிட்டனர். அதன் பயனாக முப்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள் மூடப்பட்டன. ஏறத்தாழ 17,000 டன் கழிவு அங்கே குவிந்து கிடந்தது. 2019 மே மாதத்தில் மலேசிய அரசு கழிவுகளை வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்புவதாக அறிவித்தது. அதே மாதத்தில் பன்னாட்டுக் கழிவுப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையில் பிளாஸ்டிக்கும் சேர்க்கப்பட்டு, அத்திருத்தம் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உலக உடன்படிக்கை திருந்தியதற்குக் காரணங்கள் பல. சிற்றூர் மக்களின் குரலும் அவற்றுள் ஒன்றாக எண்ணத்தக்கது.

காட்டின் கதையும் இத்தகையதே. 1927 இல் அரசிதழில் பதிவுபெற்ற வடகோல லங்காட் காப்புக்காடு, தொடக்கத்தில் 7,000 ஹெக்டேருக்கும் மேற்பட்டது. தொண்ணூறு ஆண்டுகளில் 1,000 ஹெக்டேருக்கும் குறைந்தது. எஞ்சியதில் மிகப் பெரும்பகுதியையும் மேம்பாட்டுக்காக விடுவிக்கும் எண்ணத்தை மாநில அரசு 2020 இல் வெளியிட்டது. காட்டைச் சார்ந்து வாழும் தெமுவான் முதுகுடியினரும் சுற்றுச்சூழல் ஆர்வலரும் பொதுமக்களும் எதிர்த்தனர். 2021 செப்டம்பரில் அம்முடிவு கைவிடப்பட்டது. ஒருகாலத்தில் அச்சத்தின் இருப்பிடமாகக் கருதப்பட்ட சதுப்பு, எழுபது ஆண்டுகட்குப் பின் காக்கத்தக்க செல்வமாகக் கருதப்பட்டது.

எஞ்சி நிற்கும் கடமை

மா மெரி மக்களின் கதை முகமூடியில் இருக்கிறது. சுல்தானின் கதை ஜுக்ராவில் கல்லாக நிற்கிறது. சீனரின் கதை புதுக்கிராமத்தின் தெருக்களிலும் கோயில்களிலும் இருக்கிறது. தமிழரின் கதை எங்கே இருக்கிறது? லயங்கள் இடிக்கப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அயல்நாட்டுத் தொழிலாளர் வந்தனர். பழங்குடும்பங்கள் பந்திங்குக்கும் கிள்ளானுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்தன. தோட்டத்தின் பெயரே சாலைப் பலகையிலிருந்து மறைந்த இடங்களும் உள.

எனினும் சான்றுகள் முற்றிலும் அழிந்துவிடவில்லை. பழைய தமிழ்ப் பள்ளிகளின் சேர்க்கைப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரும், தந்தையின் தொழிலும், பிரிவு எண்ணும், வந்த தோட்டமும் சென்ற தோட்டமும் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு பதிவேட்டைக் கொண்டே ஒரு வட்டாரத்தின் குடிபெயர்வை வரைபடமாக வரைந்துவிடலாம். கோயில் திருப்பணிப் பலகையில் நன்கொடையாளர் பெயரோடு அவர்தம் தோட்டமும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். சம்பள அட்டை, ஊர்க்கடிதம், திருமணப் படம், குடியேற்றச் சான்றிதழ் ஆகியவை இன்னும் பல வீட்டுப் பெட்டிகளில் உள்ளன. அவசரகால வேலிக்குள் சிறுவராய் இருந்தோர் இன்று எழுபதும் எண்பதும் கடந்தவர்கள். அவர்கள் நினைவு, எழுதி வைத்தாலன்றி, இன்னும் சில ஆண்டுகளில் கிட்டாது.

ஆதலின் ஜெஞ்சாரோமுக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், விளக்கைக் காட்டிவிட்டுத் திரும்புதல் போதாது. ஒரு நாளில் கேரித்தீவு, புதுக்கிராமம், சதுப்புக் காட்டோரம், ஜுக்ரா ஆகிய நான்கையும் காட்ட இயலும், தொலைவு மிகுதியன்று. செல்லுமுன் ஒவ்வொரு மாணவரும் தம் வீட்டு முதியோரிடம் மூன்று வினாக்கள் கேட்டு எழுதிவரச் செய்தல் வேண்டும்: எந்தத் தோட்டத்தில் பிறந்தீர்கள்? எப்போது அங்கிருந்து வெளியேறினீர்கள்? ஏன் வெளியேறினீர்கள்? முப்பது மாணவர் கொணரும் விடைகளைத் தொகுத்துப் பள்ளி நூலகத்தில் வைத்தால், எந்த நூலிலும் இதுவரை இடம்பெறாத ஒரு வட்டார வரலாற்றின் முதல் ஏடு அதுவாக அமையும்.